வெண்கலமா, இரும்பா, எஃகா?

முந்தைய அத்தியாயங்களில் சொன்னபடி ஆடிவந்திருந்தால் உங்கள் 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்' கோட்டையில் இப்போது சாப்பாட்டுக்குக் குறைவில்லை, சாராயம் தாராளம், குள்ளர்கள் ஆளுக்கொரு அறையில் தூங்குகிறார்கள். இந்தச் செழிப்பு காப்ளின்களின் காதுக்கு எட்ட அதிக காலம் ஆகாது. அவர்கள் வாசலுக்கு வரும் நாளில் உங்கள் படை எதை உடுத்தியிருக்கும், எதைக் கையில் பிடித்திருக்கும் என்பதை இப்போதே முடிவுசெய்துவிட வேண்டும்.

புதியவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. செம்பைவிட வெண்கலம் மேல், வெண்கலத்தைவிட இரும்பு மேல், எல்லாவற்றுக்கும் மேல் எஃகு. ஆகவே எஃகு செய். இதில் கடைசிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும். எஃகு வரட்டும் என்று உலையைப் பார்த்துக்கொண்டே இருந்து, காப்ளின் வந்த அன்றைக்குத் துணிச்சட்டையோடு நின்ற படைகள் ஏராளம்.

நான் சொல்வது வேறு. எந்த உலோகம் உசத்தி என்று கேட்காதீர்கள். எந்த வேலைக்கு, எந்த மண்ணில், எவ்வளவு கரிக்கு என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை ஆட்டத்துக்கு வெளியே நிஜமாகவே கேட்டு விடை கண்ட ஒரு அரசு பெங்களூரை ஆண்டிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கணக்கு.

பலம் எவ்வளவு?

ஆட்டத்தின் தரவுக் கோப்புகளைத் திறந்தால் ஒவ்வொரு உலோகத்துக்கும் எண்கள் இருக்கும். வெட்டு விழும்போது உலோகம் வளையத் தொடங்கும் அளவு இரும்புக்கு 155000, வெண்கலத்துக்கு 172000, எஃகுக்கு 430000. முழுதாக உடையும் அளவு இரும்புக்கு 310000, வெண்கலத்துக்கு 241000, எஃகுக்கு 720000. அதாவது வெண்கலம் இரும்பைவிடக் கொஞ்சம் தாமதமாக வளைகிறது, கொஞ்சம் சீக்கிரம் உடைகிறது. சண்டையில் இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. இரும்பும் வெண்கலமும் ஏறக்குறைய ஒரே தட்டில்தான் நிற்கின்றன. எஃகு மட்டும் இரண்டரை மடங்கு உயரத்தில் தனியாக நிற்கிறது.

'வெண்கலத்தைவிட இரும்பு மேல்' என்ற படிநிலை இந்த எண்களைப் பார்த்ததுமே சரிந்துவிடுகிறது. வெண்கலக் கவசம் போட்ட வீரனுக்கு இரும்புக் கவசம் மாற்றிக் கொடுப்பது வீண் வேலை. எஃகுக்கு மாற்றுவதில்தான் அர்த்தம் இருக்கிறது, அதற்கான விலையைக் கொடுக்க முடிந்தால்.

கரிக் கணக்கு

விலை என்றால் இங்கே காசல்ல, கரி. உலையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கரி எரியும். மரம் எரிக்கும் சூளையில் ஒரு கட்டை போட்டால் ஒரு கரி கிடைக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு 8 பார் உலோகம் எடுக்க என்ன செலவு என்று பார்ப்போம்.

வெண்கலத்துக்கு ஒரு செம்புத் தாதுக் கல், ஒரு காஸிடரைட் (வெள்ளீயத் தாது) கல், ஒரு கரி. அவ்வளவுதான், 8 பார் வந்துவிடும். ஆனால் உலையின் பட்டியலில் தாதுவிலிருந்து நேரடியாக வெண்கலம் செய்யும் வேலையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் செம்பைத் தனியே உருக்கி, வெள்ளீயத்தைத் தனியே உருக்கி, பிறகு பாரும் பாருமாகக் கலக்கிறார்கள். அப்படிச் செய்தால் அதே 8 பாருக்கு 6 கரி போய்விடும்.

இரும்புக்கு 2 தாதுக் கல், 2 கரி. ஹெமடைட், மேக்னடைட், லிமோனைட் மூன்றில் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

எஃகுக்கு வரும்போதுதான் பை காலியாகிறது. முதலில் அந்த 8 இரும்புப் பார் வேண்டும்; 2 கரி. அதில் 4 பாரை வார்ப்பிரும்பாக மாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இளக்கியாக ஒரு கல், உலோகத்துக்குள் சேர்வதற்கு ஒரு கரி, உலை எரிவதற்கு இன்னொரு கரி. பிறகு ஒரு வார்ப்பிரும்பும் ஒரு இரும்பும் சேர்த்து 2 எஃகு. அதற்கும் வேலைக்கு ஒரு கல், இரண்டு கரி. கூட்டிப் பாருங்கள்: 8 எஃகுப் பாருக்கு 18 கரி, 8 இளக்கிக் கல்.

ஒரு வீரனுக்கு மார்புக்கவசம், சங்கிலிச் சட்டை, தலைக்கவசம், கால்கவசம், கையுறை, பூட்ஸ் எல்லாம் சேர்த்து 10 பார் ஆகும். 10 பேர் கொண்ட ஒரு குழுவுக்கு 100 பார். வெண்கலத்தில் இதற்கு 13 கரி, இரும்பில் 25, எஃகில் 225. பட்டறையில் அடிக்கிற கரி இதில் சேராது. அது மூன்றுக்கும் பொது. 225 கட்டைக்கு மரம் வெட்டினால் முதலில் காடு போகும், அடுத்த வருஷம் எல்ஃப் தூதர் வந்து இத்தனை மரம்தான் வெட்டலாம் என்று கணக்குப் பேசுவார்.

நிலக்கரி கிடைத்தால் நிலைமை மாறும். பிட்டுமினஸ் நிலக்கரி ஒரு கல்லுக்கு 9 கோக், லிக்னைட் ஒரு கல்லுக்கு 5 கோக் கொடுக்கும். மாக்மாவைத் தொட்டுவிட்டீர்கள் என்றால் இன்னும் லாபம். மாக்மா உலைக்கு எரிகரி வேண்டாம். வெண்கலமும் இரும்பும் கரியே இல்லாமல் வரும். எஃகு மட்டும் அப்போதும் 8 பாருக்கு 8 கரி கேட்கும், ஏனென்றால் அந்தக் கரி எரிவதற்கானதல்ல, உலோகத்துக்குள் போவது. மாக்மா வந்துவிட்டது, இனி கரியே வேண்டாம் என்று சூளையை இடித்துவிட்டுப் பிறகு விழிப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

மைசூர்க்காரர்கள் எப்படிச் செய்தார்கள்?

இப்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். கே.ஆர். மார்க்கெட் மெட்ரோ நிலையத்தில் இறங்கிச் சற்றே நடந்தால் பெங்களூர்க் கோட்டை. கெம்பே கவுடா 1537இல் மண்ணால் கட்டியது. ஹைதர் அலி 1761இல் கல்லாக மாற்றியது. 1791 மார்ச் 21 அன்று ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை சுவரை உடைத்து நுழைந்தது. உடைத்த இடத்தைக் குறிக்கும் பலகை இன்றும் இருக்கிறது. இன்று மிஞ்சியிருப்பது பழைய கோட்டையின் ஒரு மூலை மட்டும்தான், ஆனால் வாசலில் நின்று உயரமான மரக்கதவில் பதித்திருக்கும் இரும்புக் குமிழ்களைப் பாருங்கள். கதவு முழுக்க இரும்பால் செய்யவில்லை. மரம்தான் கதவு. மோதல் விழும் இடத்தில் மட்டும் இரும்பு. உலோகத்தை எங்கே செலவழிப்பது என்று தெரிந்தவன் செய்த வேலை அது.

அந்தக் கோட்டையைக் காத்த மைசூர் அரசிடம் மூன்று உலோகங்களும் இருந்தன. தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வெண்கலப் பீரங்கிகள் வார்த்தார்கள். புலி வாய் பிளந்ததுபோல் முகப்பு செய்த இரண்டு பீரங்கிகள் இன்று வேல்ஸில் போவிஸ் கோட்டையில் இருக்கின்றன. பீரங்கிக்கு வெண்கலம் ஏன்? இரும்பைவிடக் குறைந்த சூட்டில் உருகும், அச்சில் அழகாக ஓடும். அதைவிட முக்கியமாக, மருந்து அதிகமாகிப்போனால் வெண்கலக் குழாய் முதலில் புடைக்கும், பீரங்கிக்காரனுக்கு எச்சரிக்கை கிடைக்கும். வார்ப்பிரும்புக் குழாய் சொல்லாமல் கொள்ளாமல் வெடித்துச் சிதறும்.

எஃகு? அதில் மைசூரும் தமிழ்நாடும் உலகப் பெயர் பெற்றவை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த மறு வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் சென்னையிலிருந்து கிளம்பி இந்தப் பகுதி முழுக்கச் சுற்றினார். மாகடி, மதுகிரிப் பக்கம் மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு வரும் கருமணலை அரித்து இரும்பு உருக்குவதையும், அந்த இரும்பை மூசையில் வைத்து எஃகு செய்வதையும் பார்த்து எழுதிவைத்தார். உமி கலந்த களிமண்ணில் ஒரு சின்ன மூசை. உள்ளே இரும்புத் துண்டு, ஆவாரங்குச்சி, மேலே பச்சை இலை. வாயைக் களிமண்ணால் பூசி மூடி, கரி உலையில் அடுக்கி, துருத்தி போட்டு ஊதுவார்கள். சேலம் பக்கமும் இதே முறைதான், அங்கே எருக்க இலையும் போட்டிருக்கிறார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் கையளவு எஃகுக் கட்டி. ஒரு கிலோவைத் தாண்டுவது அபூர்வம்.

அந்தக் கையளவு எஃகு எங்கே போனது என்பதைக் கவனியுங்கள். கல்தச்சரின் உளிக்கு, வாள் அலகுக்கு, வீணை போன்ற வாத்தியங்களின் தந்திக்கு. தந்தி இழுப்பதில் சென்னபட்டணம் பேர்போனது. இன்று மரப் பொம்மைக்குப் பெயர்பெற்ற அதே ஊர். கூர் வேண்டிய இடத்துக்கும் இழுவை தாங்க வேண்டிய இடத்துக்கும் மட்டும் எஃகு. இந்த எஃகைப் பற்றி ஆழமாகப் படிக்க விரும்புபவர்கள் அதிக தூரம் போக வேண்டியதில்லை. பெங்களூர் தேசிய உயராய்வு நிறுவனத்தின் சாரதா ஸ்ரீனிவாசனும் இந்திய அறிவியல் கழகத்தின் ஸ்ரீனிவாச ரங்கநாதனும் சேர்ந்து 2004இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்கள்.

இப்படி உலகமே தேடி வந்து வாங்கிய எஃகைக் கையில் வைத்திருந்த அரசு, தன் பேர் சொல்லும் ஆயுதத்தை எதில் செய்தது? சாதாரண இரும்பில். ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் குழாய், உள்ளே வெடிமருந்து, பக்கத்தில் கட்டிய மூங்கில். அதுதான் மைசூர் ராக்கெட். அப்போது ஐரோப்பியர்களின் ராக்கெட்டுகளுக்கு அட்டைக் குழாய், அழுத்தம் தாங்காது. இரும்புக் குழாய் தாங்கியது, அதனால் மருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது, ராக்கெட் ஒன்று ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழுந்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்த சண்டையில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததற்கு இந்த ராக்கெட்டுகளைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். பின்னாளில் இவற்றின் மாதிரிகள் இங்கிலாந்துக்குப் போய், வில்லியம் காங்கிரீவ் செய்த ராக்கெட்டுகளுக்கு முன்னோடியாயின. 2018இல் சிவமொக்கா மாவட்டம் நகரா கிராமத்தில் ஒரு பாழ்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட் குழாய்களைத் தோண்டி எடுத்தார்கள். ஒரே கிணற்றில் ஆயிரம்! எஃகில் செய்ய நினைத்திருந்தால் ஆயிரம் வராது. ஒரு முறை பறந்து வெடிக்கும் பொருளுக்கு எஃகு எதற்கு?

மூன்று உலோகத்துக்கும் மூன்று வேலை. இதைத்தான் உங்கள் கோட்டையிலும் செய்யச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மைசூரில் இரும்பு மலிவு, வெண்கலம் விலை அதிகம். தென்னிந்தியாவில் வெள்ளீயம் கிடைப்பது அரிது, வெளியிலிருந்து வாங்க வேண்டும். ஆட்டத்தில் விலைப்பட்டியல் பெரும்பாலும் தலைகீழ். காஸிடரைட் கல் ஒன்று கிடைத்துவிட்டால் வெண்கலம்தான் மலிவு. ஆட்டத்தில் காஸிடரைட் கருங்கல் அடுக்கில் ஓடும், வண்டல் மண்ணிலும் கிடைக்கும். கருங்கல் தரையில் கோட்டை கட்டினால், ஆட்டத்தின் கணக்குப்படி வெள்ளீயம் கிடைக்கலாம். ஹெமடைட்டும் மேக்னடைட்டும் அந்த அடுக்கில் கிடைக்காது. மாகடிக்காரர்கள்போல மணலை அரித்து இரும்பு எடுக்கவும் ஆட்டத்தில் வழியில்லை.

எதற்கு எது

இடம் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே ஆழமற்ற உலோகம், ஆழத்து உலோகம், இளக்கிக் கல் உண்டா இல்லையா என்று காட்டிவிடும். சுண்ணாம்புக்கல், சாக், டோலமைட், சலவைக்கல், கால்சைட் இவைதான் இளக்கி. இந்த ஐந்தில் ஒன்றும் இல்லாத இடத்தில் எஃகுக் கனவை இப்போதைக்கு வண்டியிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். அதற்காக அந்த இடம் மோசம் என்று அர்த்தமல்ல.

முதல் முற்றுகைக்கு வெண்கலம். செம்பும் வெள்ளீயமும் கிடைக்கும் இடமானால் வேறு யோசனையே வேண்டாம். இரண்டு கல், ஒரு கரி, எட்டு பார் என்ற கணக்கை எந்த இரும்பும் முறியடிக்க முடியாது. வெள்ளீயம் இல்லை, இரும்புத் தாது இருக்கிறது என்றால் இரும்பு. பலம் கிட்டத்தட்ட அதேதான். இரண்டும் இல்லை, செம்பு மட்டும் என்றால் செம்புக் கவசமே போடுங்கள். துணிச்சட்டையைவிட எவ்வளவோ மேல். கேடயத்தை மரத்தில் செய்தால் போதும். அடியைத் தடுக்கும் திறமைக்குக் கேடயத்தின் உலோகம் பொருட்டல்ல.

வெண்கலம் உதவாத, இரும்பு வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று அடைகல். எஃகிலும் செய்யலாம், வெண்கலத்தில் செய்ய முடியாது. கொண்டுவந்த அடைகல் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டாவது பட்டறை போட முடியாமல் தவிக்காதீர்கள். இலையுதிர்காலத்தில் வரும் குள்ளர் வணிகக் கூட்டத்தின் தூதரிடம் அடுத்த வருஷத்துக்கு அடைகல், இரும்புப் பார் கேட்டு வையுங்கள். இன்னொன்று மாக்மாவைத் தொடும் எதுவும். மதகு, பம்பின் குழாய், திருகு, அவற்றோடு சேரும் இயந்திரம் எல்லாம், உலோகத்தில் செய்வதானால், இரும்பிலோ எஃகிலோ இருப்பது நல்லது. வெண்கல மதகு மாக்மாவில் உருகிவிடும். பீரங்கி வார்ப்பவனுக்கு வரமாக இருந்த அந்தக் குறைந்த உருகுநிலை இங்கே சாபம்.

எஃகு வந்ததும் அதை எங்கே போடுவது? முதலில் வெட்டும் ஆயுதங்களில்: வாள், கோடரி, ஈட்டி. ஒரு ஆயுதத்துக்கு ஒரு பார்தான், பலனோ உடனே தெரியும். அடுத்து தலைக்கவசமும் மார்புக்கவசமும், ஏனென்றால் ஆளைக் கொல்லும் அடி பெரும்பாலும் அங்கேதான் விழும். கால்கவசமும் கையுறையும் வெண்கலத்திலேயே இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். சம்மட்டி மாதிரி அடிக்கும் ஆயுதத்துக்கு எஃகு கட்டாயமல்ல; அங்கே கனம்தான் வேலை செய்கிறது, வெண்கலம் எஃகைவிடக் கனம், வெள்ளி அதையும்விடக் கனம். அம்புக்கு எஃகு செலவழிப்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். பறந்துபோய்த் தொலையப்போகிற பொருள் அது. செம்போ வெண்கலமோ போதும்.

இரும்பே இல்லாத வரைபடத்தில் ஆடுபவர்களுக்கு ஒரு வழி உண்டு. இரும்பை காப்ளின்களே தூக்கிக்கொண்டு வருவார்கள். சண்டை முடிந்ததும் அவர்களின் கவசத்தையும் ஆயுதத்தையும் உருக்குவதற்குக் குறியிட்டு உலையில் போடுங்கள். முழுப் பாரும் திரும்பி வராது, ஒரு பங்குதான் வரும், கரியும் செலவாகும். ஆனாலும் இரண்டு மூன்று முற்றுகைக்குப் பிறகு எஃகு செய்யும் அளவுக்கு இரும்பு சேர்ந்துவிடும். இளக்கிக் கல்லையும் வணிகர்களிடம் வாங்கலாம்.

கரிக்கு எவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டும் என்பதற்கும் கர்நாடகத்தில் உதாரணம் இருக்கிறது. பத்ராவதியில் 1918இல் தொடங்கி, பின்னர் விஸ்வேஸ்வரய்யா தலைமையேற்று நடத்திய மைசூர் இரும்பாலை ஆரம்பத்தில் காட்டு மரத்தை எரித்துக் கிடைத்த கரியைக்கொண்டுதான் இரும்பு உருக்கியது. பக்கத்தில் மலைநாட்டுக் காடு இருந்ததும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். அத்தனை பெரிய காட்டை வைத்திருந்தவர்களே கரிக்கு அவ்வளவு கணக்குப் பார்த்தார்கள் என்றால், ஐம்பது மரத்தோடு மலையடிவாரத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எவ்வளவு பார்க்க வேண்டும்!

கடைசியாக ஒரு வேலை, பலர் மறப்பது. எஃகுக் கவசம் தயாரானதும் படைக் குழுவின் சீருடைத் திரைக்குப் போய் ஒவ்வொரு உருப்படிக்கும் உலோகம் எஃகு என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாமல் விட்டால் வீரர்கள் பழைய வெண்கலத்தையே போட்டுக்கொண்டு திரிவார்கள், எஃகு கிடங்கில் கிடக்கும். மாற்றியபின் கழற்றிப் போட்ட வெண்கலத்தை உருக்காதீர்கள். அதை இரண்டாவது குழுவுக்குக் கொடுங்கள்.